சி டிரைவில் இன்ஸ்டாலர் ஃபோல்டர் மட்டும் 38 ஜிபி: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

நிறைகுடம் (கேள்வி)

விண்டோஸ் 11, 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவில் மிச்சம் இருப்பது 2.6 ஜிபி. மாதாந்திர அப்டேட் இடமில்லைன்னு பாதியில நின்னுடுது. ட்ரீசைஸ் (ஃபோல்டர் அளவு காட்டுற டூல்) ஓட்டிப் பார்த்ததில், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இன்ஸ்டாலர்ங்கிற ஃபோல்டர் மட்டும் 38.4 ஜிபி. டிஸ்க் கிளீனப் ஓட்டியாச்சு, அந்த ஃபோல்டர்ல ஒரு எம்பி கூடக் குறையல.

உள்ள இருக்கிறதெல்லாம் 3எஃப்2ஏ91.எம்எஸ்பி, 7சி04டி.எம்எஸ்ஐ மாதிரி தலையும் காலும் புரியாத பெயர்கள். கூடவே அடைப்புக்குறிக்குள்ள நீளமான எண் போட்ட ஃபோல்டர்கள், டாலர் குறி போட்டு பேட்ச்கேஷ்னு ஒரு ஃபோல்டர்.

1. இவை இன்ஸ்டால் முடிஞ்சதும் மிஞ்சின செட்டப் ஃபைல்கள்தானா? அழிச்சா என்ன ஆகும்?
2. எது எந்த மென்பொருளோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
3. மொத்தத்தையும் டி டிரைவுக்கு நகர்த்திட முடியுமா?

சுருக்கன்

எல்லாம் பழைய செட்டப் குப்பைதான் ப்ரோ. ஷிஃப்ட் டிலீட் போட்டுத் தூக்குங்க. தேவைப்பட்டா விண்டோஸே திரும்ப எடுத்துக்கும்.

பேட்ச்பாண்டி

நிறைகுடம், மேலே சொன்னதைச் செஞ்சிடாதீங்க. விண்டோஸ் அதைத் திரும்ப எடுத்துக்காது, எங்கிருந்து எடுக்கணும்னு அதுக்குத் தெரியவும் தெரியாது. இந்த யோசனையோட மோசமான பக்கம் என்னன்னா, அழிச்ச அன்னிக்கு ஒண்ணுமே ஆகாது. எல்லா மென்பொருளும் வழக்கம்போல ஓடும். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு அப்டேட் வரும்போதோ, அன்இன்ஸ்டால் பண்ணப் போகும்போதோதான் மாட்டுவீங்க. அப்போ வர்ற பிழை எண்கள்: 1612 (நிறுவல் மூலம் கிடைக்கல), 1635 (பேட்ச் ஃபைலைத் திறக்க முடியல), 1714 (பழைய பதிப்பை நீக்க முடியல). அதுக்குள்ள நீங்க எதை அழிச்சீங்கன்னே மறந்திருக்கும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல கிடக்கிற செட்டப் ஃபைலும் இதுவும் ஒண்ணு இல்ல. எம்எஸ்ஐங்கிற நிறுவல் பொதி வகை நிறுவல் ஒண்ணு முடிஞ்சதும் விண்டோஸ் இன்ஸ்டாலர் (நிறுவுற, நீக்குற வேலையைப் பார்க்கிற விண்டோஸ் சேவை) அந்த எம்எஸ்ஐயை இந்த ஃபோல்டர்ல ஒரு நகல் எடுத்து, புதுப் பெயர் வெச்சு, அந்தப் பெயரை ரிஜிஸ்ட்ரியில (விண்டோஸோட அமைப்புப் பதிவேடு) குறிச்சு வெச்சுக்கும். ரிப்பேர், அன்இன்ஸ்டால், அடுத்த பேட்ச் எல்லாம் இந்த நகலைப் படிச்சுத்தான் நடக்கும். எம்எஸ்பிங்கிறது பேட்ச்: மாறின ஃபைல்களும், அசல் எம்எஸ்ஐயில என்னென்ன திருத்தணும்ங்கிற குறிப்பும் அதுக்குள்ள இருக்கும். ஒவ்வொரு தடவை பேட்ச் போடும்போதும் ஒரு எம்எஸ்பி இங்க வந்து உக்காரும்.

ஃபோல்டர் ஏன் இவ்வளவு வீங்குதுன்னா, ரெண்டு காரணம். விண்டோஸ் 7க்கு முந்தின காலத்துல எம்எஸ்ஐக்குள்ள இருக்கிற கேப் மூட்டையை (ஃபைல்களைச் சுருக்கிக் கட்டினது) கழட்டிட்டு வெறும் கூட்டை மட்டும்தான் இங்க வெச்சது. விண்டோஸ் 7ல வந்த இன்ஸ்டாலர் 5.0 முழு எம்எஸ்ஐயையும் அப்படியே வைக்குது, டிஜிட்டல் கையெழுத்து உடையக் கூடாதுன்னு. ரெண்டாவது, புது பேட்ச் பழைய பேட்சை முழுசா உள்ளடக்கியிருந்தாலும், பழைய எம்எஸ்பி உடனே போயிடாது. புதுசை நீங்க அன்இன்ஸ்டால் பண்ணினா பழைய நிலைக்குத் திரும்பணுமே, அதுக்காகப் பதிவுலேயே இருக்கும்.

எது யாரோடதுன்னு பார்க்க எந்த டூலும் வேண்டாம். எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டையில பாதையை நேரா டைப் பண்ணுங்க, மறைஞ்ச ஃபோல்டரா இருந்தாலும் திறக்கும். டீட்டெயில்ஸ் வியூவுக்கு மாத்தி, மேலே நெடுவரிசைத் தலைப்புல ரைட் கிளிக், மோர், அதுல சப்ஜெக்ட், ஆத்தர்ஸ், கமெண்ட்ஸ் மூணையும் டிக் பண்ணுங்க. சப்ஜெக்ட்ல மென்பொருளோட பெயர் வரும். அந்த நெடுவரிசைப்படி அடுக்கி, ஒரே பெயர்ல எத்தனை, மொத்தம் எவ்வளவுன்னு இங்க போடுங்க. அதைப் பார்த்துட்டு மேல பேசலாம்.

அடைப்புக்குறி போட்ட ஃபோல்டர்கள்ல இருக்கிறது ஷார்ட்கட் ஐகான்கள். இடம் ஒண்ணும் பிடிக்காது, தூக்கினா டெஸ்க்டாப்ல வெள்ளைக் காகித ஐகான்தான் மிஞ்சும்.

நிறைகுடம்

போட்டுட்டேன். எம்எஸ்ஐ எல்லாம் சேர்த்து 9.3 ஜிபி. பேட்ச்கேஷ் 2.1 ஜிபி. எம்எஸ்பி மொத்தம் 61 ஃபைல், 27 ஜிபி. அதுல 34 ஃபைல் ஒரே பிடிஎஃப் மென்பொருளோட பெயர்ல இருக்கு, ஒவ்வொண்ணும் 700 எம்பி பக்கம். அதாவது அது ஒண்ணு மட்டுமே 24 ஜிபி! மத்ததெல்லாம் ஆபீஸ், ஒரு அக்கவுண்டிங் மென்பொருள், சில்லறை.

இணையத்துல தேடினப்போ, பவர்ஷெல்ல வின்32 ப்ராடக்ட் பட்டியல் எடுத்து, அதுல இல்லாத ஃபைலை எல்லாம் அழிக்கலாம்னு ஒரு ஸ்கிரிப்ட் கிடைச்சது. அதை ஓட்டட்டுமா?

பதிவேடு

ஓட்டாதீர்கள். அந்த ஸ்கிரிப்டில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, வின்32 ப்ராடக்ட் என்ற டபிள்யூஎம்ஐ (கணினி விவரங்களைக் கேட்டு வாங்கும் விண்டோஸ் வசதி) வகுப்பு. அதைக் கேட்டால் பட்டியல் மட்டும் வராது. கணினியில் உள்ள ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒருமுறை சரிபார்க்கத் தொடங்கும். ஏதாவது குறை தெரிந்தால் ரிப்பேரும் செய்துவிடும். ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்தால் 1035 என்ற எண்ணில் வரிசையாக நிகழ்வுகள் விழுந்திருப்பதைக் காணலாம். பட்டியல் கேட்கப் போய் மென்பொருள் அமைப்புகள் மாறிப்போவது இப்படித்தான்.

இரண்டாவது கோளாறுதான் ஃபோல்டரைப் பாழாக்குவது. ஒரு பேட்சுக்கு நான்கு நிலைகள் உண்டு. 1 என்றால் நடப்பில் உள்ளது. 2 என்றால் புதிய பேட்சால் பின்தள்ளப்பட்டது. 4 என்றால் வழக்கொழிந்தது. 8 என்றால் பதிவு மட்டும் ஆகியிருக்கிறது. பல ஸ்கிரிப்டுகள் 1 உள்ளவற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அனாதை என்று முத்திரை குத்துகின்றன. 2ம் 4ம் அனாதை அல்ல. ரிஜிஸ்ட்ரி இன்னும் அவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டிக்கொண்டிருக்கிறது; அடுத்த பேட்ச் வரும்போதோ இருப்பதை நீக்கும்போதோ இன்ஸ்டாலர் அவற்றைத் தேடும். உங்கள் 34 ஃபைல்களில் பெரும்பாலானவை இந்த வகையாகத்தான் இருக்கும்.

உண்மையான அனாதை எதுவென்றால், ரிஜிஸ்ட்ரியில் எந்த இடத்திலும் பெயர் இல்லாத ஃபைல் மட்டும்தான். பார்க்க வேண்டிய இடம்: ஹெச்கேஎல்எம் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → கரண்ட்வெர்ஷன் → இன்ஸ்டாலர் → யூசர்டேட்டா. அதன் கீழே எஸ்-1-5-18 என்ற கிளை, கணினி முழுமைக்கும் நிறுவியவற்றுக்கு. அதற்குள் ப்ராடக்ட்ஸ், பேட்சஸ் என்று இரண்டு. ப்ராடக்ட்ஸ் கிளையில் ஒவ்வொன்றின் இன்ஸ்டால் ப்ராப்பர்ட்டீஸிலும், பேட்சஸ் கிளையில் ஒவ்வொன்றிலும், லோக்கல்பேக்கேஜ் என்ற மதிப்பு இருக்கும். அதில்தான் அந்த விசித்திரப் பெயர் முழுப் பாதையோடு எழுதப்பட்டிருக்கும். எஸ்-1-5-18 மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய மென்பொருள் அந்தப் பயனரின் எஸ்ஐடி (பயனர் கணக்கின் அடையாள எண்) கிளையில் பதிவாகியிருக்கும். சுலபமான வழி: யூசர்டேட்டாவைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, ஃபைல் பெயரைத் தேடுவது. ஒரு ஃபைலுக்கு ஒரு தேடல்.

அங்கே உள்ள கிளைப் பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டாம். ப்ராடக்ட் கோடை (ஒவ்வொரு மென்பொருளுக்கும் உள்ள அடையாள எண்) திருப்பிப்போட்டு எழுதியிருப்பார்கள். ஆபீஸ் 2016 எம்எஸ்ஐ பதிப்பின் கோடு 90160000 என்று தொடங்கும்; ரிஜிஸ்ட்ரியில் அது 00006109 என்று இருக்கும். முதல் மூன்று தொகுதிகள் முழுதாகத் தலைகீழ், அதற்குப் பிறகு இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாற்றம். நேராகத் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். (அதே கோடின் கடைசி ஆறு எழுத்துகளை ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள், ஆபீஸ் என்றே வரும். யாரோ ஒரு பொறியாளரின் குறும்பு.)

ஸ்கிரிப்டே வேண்டுமென்றால், விண்டோஸ்இன்ஸ்டாலர்.இன்ஸ்டாலர் என்ற காம் பொருளின் (ஸ்கிரிப்டிலிருந்து அழைக்கக்கூடிய விண்டோஸ் கூறு) பேட்சஸ்எக்ஸ் முறையை அட்மின் உரிமையோடு அழைக்க வேண்டும். சூழல் 7, வடிகட்டி 15. 15 என்பது 1, 2, 4, 8 நான்கின் கூட்டல். கையில் கிடைத்த ஸ்கிரிப்டில் இந்த இடத்தில் 1 என்று இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சுருக்கன்

அப்போ பேட்ச்கிளீனர்னு ஒரு டூல் இருக்கே, அது பாதுகாப்பானது இல்லையா?

பேட்ச்பாண்டி

மத்ததைவிடப் பரவாயில்ல. அழிக்காம வேற இடத்துக்கு நகர்த்துற வசதி அதுல இருக்கு, அது நல்ல பழக்கம். ஆனா அதோட அமைப்புல எக்ஸ்க்ளூஷன் ஃபில்டரைத் திறந்து பாருங்க, அக்ரோபேட் (அடோபியோட பிடிஎஃப் மென்பொருள்)ங்கிற சொல் முன்கூட்டியே போட்டிருக்கும். அந்தக் குடும்பத்து பேட்ச்களை அது அனாதைன்னு தப்பா எடுத்துக்கிறதால, செஞ்சவங்களே வெச்ச தடுப்பு. இடம் கிடைக்கலைன்னு அந்த ஃபில்டரை எடுத்துட்டு ஓட்டுறவங்கதான் பிறகு 1635ஓட வந்து நிக்கிறாங்க. பழைய எம்எஸ்ஐசாப் கதையும் இதே மாதிரிதான். மைக்ரோசாஃப்டே கொடுத்த கிளீனப் யூட்டிலிட்டியோட வந்த டூல் அது. மத்த மென்பொருளையும் சேர்த்துக் கெடுக்குதுன்னு 2010ல அவங்களே திரும்ப எடுத்துட்டாங்க.

நிறைகுடம், உங்க கணக்கைப் பார்த்தா இதுல எந்த டூலும் தேவையில்ல. ஃபோல்டரைத் தொடாதீங்க, மென்பொருளைத் தொடுங்க. ஒரு எம்எஸ்ஐ மென்பொருளை முறைப்படி அன்இன்ஸ்டால் பண்ணினா, அதோட எம்எஸ்ஐயும் அதுக்குச் சொந்தமான எல்லா எம்எஸ்பியும் ரிஜிஸ்ட்ரிப் பதிவோட சேர்ந்து போயிடும். உங்க 24 ஜிபி அங்கதான் இருக்கு.

வரிசை இப்படி:

முதல்ல லைசன்ஸ். கீ எங்க இருக்குன்னு பாருங்க, கணக்குல உள்நுழைஞ்சு பயன்படுத்துறதுன்னா வெளியேறிட்டு வாங்க. முத்திரை, கையெழுத்துப் படம் மாதிரி சொந்த அமைப்பு இருந்தா நகல் எடுத்துக்குங்க. அப்புறம் அந்த நிறுவனத்தோட தளத்துல இருந்து இப்போதைய முழு நிறுவியை இறக்குங்க. அப்டேட் மட்டும் இருக்கிறது வேண்டாம், முழுசு. சி டிரைவ்ல இடமில்லைங்கிறதால அதை டி டிரைவ்லயோ பென்டிரைவ்லயோ வையுங்க.

பிறகு செட்டிங்ஸ் → ஆப்ஸ் → இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியா அன்இன்ஸ்டால். முடிஞ்சதும் ஷட்டவுன் இல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (விண்டோஸ் சீக்கிரம் திறக்கிறதுக்கான வசதி) இயங்கிட்டிருந்தா ஷட்டவுன் பண்ணித் திறக்கிறது முழு மறுதொடக்கம் ஆகாது. அடுத்த துவக்கத்துல நீக்கணும்னு குறிச்சு வெச்ச ஃபைல் அப்படியே நின்னுடும். ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் ஃபோல்டர் அளவைப் பாருங்க. அதுக்கப்புறம் முழு நிறுவியை ஓட்டுங்க.

அன்இன்ஸ்டாலே 1612 காட்டினா, யாரோ ஏற்கெனவே இந்த ஃபோல்டர்ல கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்போ நிறுத்திட்டு இங்க வாங்க.

டி டிரைவுக்கு நகர்த்துறது பத்தி: ஜங்ஷன் (பழைய பாதையை வேற இடத்துக்குத் திருப்பிவிடுற இணைப்பு) போட்டு நகர்த்துறவங்க இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். ஃபோல்டரோட உரிமை அமைப்புகளும் சேர்ந்து போகணும், டி டிரைவ் எப்பவும் இருக்கணும், பிட்லாக்கரால (விண்டோஸோட டிரைவ் குறியாக்கம்) பூட்டி இருக்கக் கூடாது. ஒரு நாள் டி திறக்கலைன்னா மொத்த இன்ஸ்டாலரும் ஊமையாயிடும். என்டிஎஃப்எஸ் கம்ப்ரஷனும் (டிரைவ்லயே ஃபைலைச் சுருக்கி வைக்கிற வசதி) இங்க பெரிசா உதவாது, எம்எஸ்பிக்குள்ள இருக்கிறது ஏற்கெனவே சுருக்கின கேப்தான்.

சர்வர்மேடை

பேட்ச்கேஷைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இது. அந்த 2.1 ஜிபி மற்றதைப் போல அல்ல. பேட்ச் போடுவதற்கு முந்தைய அசல் ஃபைல்களின் நகல் அது. பேட்சைத் திரும்ப எடுக்கும்போது நிறுவல் வட்டைக் கேட்காமல் இருப்பதற்காக வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் மென்பொருள் உடைந்துபோகாது. ஆனால் சில பேட்ச் வேலைகளின்போது அசல் நிறுவியைக் காட்டு என்று கேட்கும். அசல் நிறுவி கையில் இருக்கிறது என்றால் மட்டும் இதைக் குறைக்கலாம்.

ஹெச்கேஎல்எம் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → இன்ஸ்டாலர் என்ற இடத்தில் மேக்ஸ்பேட்ச்கேஷ்சைஸ் என்று ஒரு டிவேர்ட் மதிப்பு. அது வட்டு அளவில் எத்தனை சதவீதம் என்பது, இயல்பாக 10. 0 என்று வைத்தால் புதிதாக எதுவும் சேராது. ஏற்கெனவே இருப்பது அதனால் குறையாது, அதை விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸை நிறுத்திவிட்டு வேறு டிரைவுக்கு நகர்த்த வேண்டும். 2 ஜிபிக்காக நானாக இருந்தால் இதைச் செய்ய மாட்டேன்.

குழப்பிக்கொள்ளக் கூடிய இன்னும் சில இடங்கள். ப்ரோகிராம்டேட்டாவில் பேக்கேஜ் கேஷ் என்ற ஃபோல்டர் இருக்கும். விஷுவல் ஸ்டுடியோ, விஷுவல் சி ரன்டைம் போன்றவை தங்கள் நிறுவிகளை அங்கே வைக்கின்றன, அதற்கும் இதே விதிதான். சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷனுக்குள் இருக்கும் டவுன்லோட் ஃபோல்டர் விண்டோஸ் அப்டேட் இறக்கி வைத்தவை. அப்டேட் சர்வீஸையும் பிட்ஸ் சர்வீஸையும் (பின்னணியில் இறக்கும் வேலையைச் செய்வது) நிறுத்திவிட்டு அதைத் தாராளமாகக் காலி செய்யலாம், வேண்டியதை மறுபடி இறக்கிக்கொள்ளும். வின்எஸ்எக்ஸ்எஸ் (விண்டோஸின் சொந்தக் கூறுகள் இருக்கும் ஃபோல்டர்) எக்ஸ்ப்ளோரரில் காட்டும் அளவை நம்ப வேண்டாம், ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர்) காரணமாக ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் எண்ணப்படும். கையால் தொடாமல் டிஸ்ம் கட்டளையின் ஸ்டார்ட்கம்போனன்ட்கிளீனப் மூலம் மட்டும் குறையுங்கள். ரீசெட்பேஸ் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் இருக்கும் அப்டேட்களைப் பிறகு நீக்க முடியாது.

அவசரமாக இடம் வேண்டுமென்றால் ஹைபர்னேஷனை (கணினியை அணைக்கும்போது ரேமில் உள்ளதை வட்டில் ஒரு ஃபைலாகச் சேமிக்கும் வசதி) அணைப்பது எல்லாவற்றையும்விடச் சுலபம். அந்த ஃபைல் இயல்பாக ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி. அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும், மேலே சொன்ன வேலைக்கு அதுவும் நல்லதே.

சுருக்கன்

நான் போன வருஷமே இந்த ஃபோல்டரைக் காலி பண்ணிட்டேன். இப்போ ஒரு மென்பொருளை அன்இன்ஸ்டாலும் பண்ண முடியல, மேல புதுசும் போட முடியல, 1612. என்ன வழி?

பதிவேடு

ஒவ்வொரு மென்பொருளாகத்தான் சரிசெய்ய வேண்டும். எது காணவில்லை என்று முதலில் தெரிய வேண்டும். எம்எஸ்ஐஎக்ஸெக் என்ற விண்டோஸ் இன்ஸ்டாலர் கட்டளையை ஸ்லாஷ் எல் ஸ்டார் வி சேர்த்து ஓட்டி ஒரு பதிவு ஃபைல் எடுங்கள். அதில் ரிட்டர்ன் வேல்யூ 3 என்று தேடி, அங்கிருந்து மேல்நோக்கி வாசித்துக்கொண்டே போங்கள். எந்த எம்எஸ்ஐ அல்லது எம்எஸ்பியைத் திறக்க முடியவில்லை என்று பெயரோடு இருக்கும்.

எம்எஸ்ஐ காணவில்லை என்றால், நிறுவியபோது பயன்படுத்திய அதே எம்எஸ்ஐ வேண்டும். பதிப்பு எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, பேக்கேஜ் கோடும் (அந்த எம்எஸ்ஐ ஃபைலுக்கே உரிய அடையாள எண்) ஒன்றாக இருக்க வேண்டும். ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ரிவிஷன் நம்பர் என்று தெரிவது அதுதான். அதை எம்எஸ்ஐஎக்ஸெக் ஸ்லாஷ் எஃப்வி என்று ஓட்டுங்கள். அந்த வி என்ற எழுத்துக்கு வேலையே, மூலத்திலிருந்து படித்து உள்ளூர் நகலை மறுபடி எழுதுவது. அது இல்லாமல் வெறும் ரிப்பேர் செய்தால், காணாமல்போன அதே நகலைத்தான் தேடும்.

எம்எஸ்பி காணவில்லை என்றால், அந்த அப்டேட்டை மறுபடி இறக்கி, எம்எஸ்பியைப் பிரித்தெடுத்து (ஆபீஸ் அப்டேட் எக்ஸிகளுக்கு ஸ்லாஷ் எக்ஸ்ட்ராக்ட் உண்டு), லோக்கல்பேக்கேஜில் எழுதியிருக்கும் அதே பெயரை வைத்து இன்ஸ்டாலர் ஃபோல்டரில் போடுங்கள். அதே மென்பொருள் அதே பேட்ச்களோடு உள்ள இன்னொரு கணினியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அங்கே பெயர் வேறாக இருக்கும். அந்தக் கணினியின் ரிஜிஸ்ட்ரியைப் பார்த்து எடுத்து, உங்கள் ரிஜிஸ்ட்ரி கேட்கும் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இரண்டும் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டின் ப்ரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர். அது ரிஜிஸ்ட்ரிப் பதிவைத் துடைத்துவிடும், பிறகு புதிதாக நிறுவலாம். மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டால் வேலைகள் அதில் நடக்காது. சர்வீஸ், டிரைவர் போன்றவை மிஞ்சி நிற்கும்.

சர்வர்மேடை

அது எஸ்க்யூஎல் சர்வராக (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) இருந்தால் கையால் தேட வேண்டாம். காணாமல்போன எம்எஸ்ஐ, எம்எஸ்பிகளைப் பட்டியலிட்டு எதை எங்கே நகலெடுக்க வேண்டும் என்று கட்டளையாகவே எழுதித் தரும் ஃபைண்ட்எஸ்க்யூஎல்இன்ஸ்டால்ஸ் ஸ்கிரிப்டை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கிறது.

நிறைகுடம்

அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், புது நிறுவி எல்லாம் ஆச்சு. ஃபோல்டர் 38.4ல இருந்து 16.9 ஜிபிக்கு வந்துடுச்சு, விண்டோஸ் அப்டேட்டும் ஓடிடுச்சு. ஆனா அந்த 34 எம்எஸ்பியில 31தான் போயிருக்கு. 3 இன்னும் நிக்குது, மூணும் 2 வருஷத்துக்கு முந்தின தேதி. யூசர்டேட்டாவுல பெயரைத் தேடினா எதுவும் வரல. இப்போ அழிக்கலாமா?

பதிவேடு

அட்மினாகத் திறந்த ரிஜிஸ்ட்ரி எடிட்டரில், எஸ்-1-5-18 கிளைக்குள் மட்டும் இல்லாமல் யூசர்டேட்டா முழுதும் தேடியிருந்தால், அவை நிஜமான அனாதைகள்தான். பேட்ச் பாதியில் முறிந்தபோது நகல் மட்டும் தங்கிவிட்டிருக்கும்.

பேட்ச்பாண்டி

அப்பவும் அழிக்காதீங்க, நகர்த்துங்க. டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு மூணையும் கட் பண்ணி வையுங்க. பெயரை மட்டும் மாத்திடாதீங்க. திரும்ப வைக்கணும்னா அதே பெயர்ல, அதே இடத்துலதான் வைக்கணும், அந்தப் பெயரை அப்புறம் யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அந்த மென்பொருளோட அடுத்த ரெண்டு அப்டேட் சிக்கலில்லாமப் போகட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அப்டேட் விடுறவங்கன்னா அரை வருஷம். ஃபோல்டர் பெயர்லயே நகர்த்தின தேதியைப் போட்டு வெச்சுடுங்க.

எம்எஸ்ஐ 9.3 ஜிபியையும் ஒரு தடவை சப்ஜெக்ட் பார்த்து அடுக்கிப் பாருங்க. பயன்படுத்தாத பழைய மென்பொருள் நாலஞ்சு தெரியும். அதையும் செட்டிங்ஸ் வழியாத்தான்.